பழங்கணினிக் கூட்டங்களின் படங்களையும் நினைவுகளையும் பாதுகாப்பது எப்படி?

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு நண்பரின் வீட்டுக் கூடத்தில், பழைய கணினிகளைப் பழுதுபார்த்து இயக்குவதில் ஆர்வமுள்ள நாங்கள் சிலர் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை கூடுவோம். அந்தக் கூட்டங்களின் படங்கள் ஒரு பிஸ்கட் டப்பாவிலும், இரண்டு ஒட்டு ஆல்பங்களிலும், ரப்பர் பட்டை போட்ட ஃபிளாப்பிக் (பழைய கணினிகளின் சேமிப்பு வட்டு) கட்டு ஒன்றிலும் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒழுங்கு செய்தபோது பட்டுத் தெரிந்துகொண்டவற்றை, புதிதாகத் தொடங்குவோருக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன். படத்தில் இருக்கும் இயந்திரம் எது என்பதை எந்தக் காலத்திலும் தேடிக் கண்டுபிடித்துவிடலாம்; பற்றவைக்கும் கோலைப் (சால்டரிங் அயர்ன்) பிடித்திருப்பவர் யார் என்பதை, அவரை அறிந்தவர்கள் இருக்கும் வரைதான் கேட்க முடியும். ஆகவே இந்த வேலையில் ஸ்கேனருக்குக் கொடுக்கும் நேரத்தைவிட மனிதர்களுக்குக் கொடுக்கும் நேரம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதல் படி: ஃபிளாப்பிகளை முதலில் மீட்டெடுங்கள்

அச்சிட்ட படம் நிறம் மங்கினாலும் கண்ணுக்குத் தெரியும். கெட்டுப்போன ஃபிளாப்பி எதையும் காட்டாது. 1990களின் இறுதியில் வந்த சோனி மாவிகா போன்ற கேமராக்கள் படங்களை நேரடியாக 3.5 அங்குல ஃபிளாப்பியிலேயே பதிந்தன என்பதால், 'ஏதோ பழைய நிரல்' என்று எண்ணி ஒதுக்கிய வட்டில் கூட்டத்தின் படங்கள் இருக்கக்கூடும். படிப்பதற்கு முன் ஃபிளாப்பியின் மூலையில் உள்ள சிறு நகர்த்தியைத் தள்ளித் துளையைத் திறந்துவையுங்கள். அப்போது தவறுதலாகக்கூட அதன்மேல் எதுவும் எழுதப்படாது. உலோக மூடியை விலக்கிப் பார்க்கையில் வட்டில் பூஞ்சைத் திட்டுகள் தெரிந்தால் ஃபிளாப்பி இயக்கியில் (டிரைவ்) செருகவே வேண்டாம். வட்டும் கீறும், படிக்கும் தலையும் அழுக்காகி அடுத்த வட்டுகளையும் கெடுக்கும்.

இரண்டாம் படி: ஆல்பத்திலிருந்து எடுத்தல்

பிசின் தடவிய பக்கங்களின்மேல் பிளாஸ்டிக் தாள் மூடும் ஒட்டு ஆல்பங்கள்தாம் நம் வீடுகளில் அதிகம். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தப் பிசின் பழுப்பேறி இறுகிவிடும். நான் பொறுமையின்றி ஒரு மூலையைப் பிடித்து இழுத்ததில், எங்கள் முதல் கூட்டத்தின் குழுப்படம் குறுக்கே கிழிந்தது. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் இடையே செலுத்தி, ரம்பம் அறுப்பதுபோல் மெல்ல நகர்த்துவதே பாதுகாப்பான முறை. அப்படியும் வராவிட்டால் பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழை நாட்களில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஈரக் காற்றில் படத்தின் ஜெலட்டின் மேற்பூச்சு இளகி, தொட்ட இடமெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாம் படி: ஸ்கேன் செய்தல்

6 × 4 அங்குல அச்சுப்படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) போதும். அந்த அளவில் 3600 × 2400 புள்ளிகள் கிடைக்கும். சுருக்கப்படாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமித்தால் ஒரு படம் ஏறத்தாழ 26 எம்பி வரும். 400 படங்கள் இருந்தாலும் சுமார் 10 ஜிபிதான் என்பதால், இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, தரத்தைக் குறைத்துச் சுருக்கும் ஜேபெக்கில் (JPEG) மட்டும் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. படத்தின் பின்பக்கத்தில் ஏதேனும் எழுத்தோ முத்திரையோ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். நெகட்டிவ் கிடைத்தால் அது பெரும் பேறு. ஓரத்தில் உள்ள எண்களைக் கொண்டு அன்றைய நிகழ்வுகள் எந்த வரிசையில் நடந்தன என்பதையும் அறியலாம்.

நான்காம் படி: காலத்தைக் கணித்தல்

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான். படத்தில் பிபிசி மைக்ரோ என்ற 1980களின் கணினி தெரிந்தவுடன் '1985' என்று எழுதிவிடுவார்கள். 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின்கீழ் நம் பள்ளிகளுக்கு வந்த இயந்திரம் அது என்பது உண்மையே; ஆனால் பழங்கணினிக் கூட்டத்தில் இயந்திரத்தின் வயது வேறு, படத்தின் வயது வேறு. ஆகவே இயந்திரத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ளவற்றைப் பாருங்கள். சுவரில் நாட்காட்டி தெரிகிறதா, ஒருவர் சட்டைப் பையில் கைப்பேசி துருத்திக்கொண்டிருக்கிறதா, பதாகை துணியில் எழுதியதா ஃபிளெக்ஸா என்பவையெல்லாம் சான்றுகள். பதாகையில் மாவட்டப் பெயர் இருந்தால் இன்னும் நல்லது: 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' என்றிருந்தால், பழைய வட ஆற்காடு பிரிக்கப்பட்ட 1989க்கு முன் அந்தப் படம் எடுக்கப்பட்டிருக்காது; 'ராணிப்பேட்டை மாவட்டம்' என்றிருந்தால் 2019க்கு முன் இருக்க வாய்ப்பில்லை. திரையின் மேல் சந்தனமும் குங்குமமும் இருந்தால், ஆண்டு தெரியாவிட்டாலும் ஆயுதபூஜையை ஒட்டிய நாள் என்று மாதத்தையாவது குறித்துவிடலாம். படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் பதிந்த தேதியை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். கேமராவின் மின்கலத்தை மாற்றிவிட்டுத் தேதியைச் சரிசெய்யாதவர்கள் எங்கள் கூட்டத்திலேயே மூவர் உண்டு. உறுதியில்லாத ஆண்டின் பின் கேள்விக்குறி இடுவதில் குறையொன்றும் இல்லை.

ஐந்தாம் படி: பேச்சைப் பதிவு செய்தல்

கூட்டத்தின் மூத்தவர்களை ஒவ்வொருவராக நேரில் சென்று பாருங்கள். அச்சுப்படங்களைக் கையில் கொடுத்து, கைப்பேசியை ஓர் அடி தொலைவில் வைத்துப் பதிவு செய்யுங்கள். மின்விசிறியின் ஓசை பேச்சை விழுங்கிவிடும். வேலூரின் மே மாதப் பகலில் விசிறியை நிறுத்தச் சொல்வது பெரியவர்களுக்குச் செய்யும் கொடுமை என்பதால், காலை ஆறரை மணிக்குச் செல்வது நல்லது. "இது யார்?" என்று கேட்டால் பெயர் ஒன்றோடு பேச்சு நின்றுவிடும். "இந்தப் படத்தை எடுத்தது யார் சார்? அன்றைக்கு எது ஓடவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். எரிந்துபோன மின்வழங்கியில் தொடங்கி, உதிரிப்பாகம் தேடிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போன பயணம் வரை வரும். படங்களைப் பிறருக்குக் காட்டலாமா என்ற இசைவையும் அப்போதே கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள்.

ஆறாம் படி: பெயரிடுதலும் சேமித்தலும்

கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், இடம், வரிசை எண் ஆகியவை இருந்தால் போதும்: '2006-10-சத்துவாச்சாரி-014'. விரிவான குறிப்புகளை அதே பெயரில் ஒரு எளிய உரைக்கோப்பாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். மூன்று பிரதிகள், இருவகைச் சேமிப்பகங்கள், பிரதிகளுள் ஒன்று வெளியூரில் என்பது பரவலான வழக்கம். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்த பிறகு அந்த 'வெளியூர்' என்பதை நான் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறேன்.

அசல் படங்களைப் பரணில் ஏற்றாதீர்கள். மொட்டை மாடியின் வெயில் முழுவதும் அங்கேதான் இறங்குகிறது. உள்ளறை பீரோவில், பாலிபுரொப்பிலீன் உறைகளில் வைத்து, புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் போடுங்கள். காலணித் தொழிலுக்குப் பேர்போன ஆம்பூரை அருகில் வைத்துக்கொண்டு அதற்கு நாம் அலைய வேண்டியதில்லை.

படங்களைச் சேமித்த வன்வட்டை (ஹார்ட் டிஸ்க்) ஆண்டுக்கு ஒருமுறையேனும் இணைத்து, கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் ஆயுதபூஜையன்று அந்த வட்டுக்கும் பொட்டு வைத்து மற்றக் கருவிகளோடு அடுக்கிவிடுவோம். அன்று கருவிகளைத் தொடக்கூடாது என்பது அம்மாவின் கட்டளையாதலால், சரிபார்க்கும் வேலை விஜயதசமி காலையில் நடக்கும்.