அவுட்டர் பேங்க்ஸ் போனா மணல்ல புதைஞ்ச மரக்கப்பல எப்படி பாக்குறது

அவுட்டர் பேங்க்ஸ்னா அமெரிக்கால நார்த் கரோலைனா கரையோரமா நீளமா கிடக்குற மணல் தீவுங்க. மொதல்லயே சொல்லிடறேன், ஜூலைல போகாதீங்க. நான் மொத தடவ ஜூலைலதான் போனேன், நார்த் கரோலைனா வரைக்கும் வண்டி ஓட்டிட்டு போய் கோகினா பீச்ல எறங்கி கப்பல் எங்கடான்னு தேடுனா, மணல்ல நாலு கருப்பு கட்டை முழங்கால் உசரம்கூட இல்லாம நீட்டிக்கிட்டு இருக்கு, அதுல யாரோ டவல் காயப்போட்ருக்காங்க. அவ்ளோதான் கப்பல்.

அதுதான் லாரா ஏ. பார்ன்ஸ். 1918ல மெய்ன் மாநிலத்துல கட்டுன பாய்மரக்கப்பல், நியூயார்க்ல இருந்து சார்ல்ஸ்டனுக்கு போறப்போ 1921ல இந்த கரைல தட்டி நின்னுடுச்சு, நல்லவேளை கப்பல்ல இருந்த எல்லாரும் பொழச்சிட்டாங்க. இப்போ கிடக்குற எடம் தட்டுன எடம் இல்ல, 1973ல நகத்தி வச்சது. கருப்பு வெள்ளை பட்டை போட்ட போடி ஐலண்ட் லைட்ஹவுஸ் தெரியுதுல்ல, அதுக்கு நேர் எதிர்ல கடல் பக்கமா திரும்புங்க.

எப்போ போகணும்னா குளிர்காலத்துல, நார்ஈஸ்டர் (வடகிழக்குக் காத்தோட வர்ற பெரிய புயல்) ஒன்னு அடிச்சு ஓஞ்ச அடுத்த ரெண்டு மூணு நாள்ல. புயல்தான் மணல அள்ளிட்டு போகும், அமைதியான மாசங்கள்ல அதே கடல் திருப்பி கொண்டாந்து மூடிடும். வேற ஏதாவது கட்டை அலையோரமா வெளிய வந்திருக்கான்னு நடந்து பாக்கணும்னா டைட் டேபிள் (கடல் ஏறி எறங்குற நேர அட்டவணை) பாத்து, தண்ணி நல்லா வத்துற லோ டைடுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போய் நில்லுங்க.

சரி, கட்டைய பாத்தாச்சு, அதுல என்ன பாக்கணும்? நீளமா அடில ஓடுறது ஏரா, அதுல இருந்து விலா எலும்பு மாதிரி கெளம்புறது வங்கு. அப்புறம் மரத்த மரத்தோட எத வச்சு சேத்துருக்காங்கன்னு குனிஞ்சு பாருங்க. துரு வழிஞ்சு மரமே கருத்துப் போயிருந்தா இரும்பு போல்ட். விரல் பருமனுக்கு மேல வட்டமா வேற ஒரு மரத்துண்டு தெரிஞ்சா அது மர ஆணி, தண்ணில ஊற ஊற உப்பி இறுகிக்கும், துருவும் கெடையாது. இதே கரைல வடக்க இருக்குற கரோலா ஊர் பக்கம் கரை அரிச்சு வெளிய வந்த 1600கள் காலத்து கப்பல் அப்படி மர ஆணில கோத்ததுதான். சுமார் 12 டன் எடை, 2010ல தூக்கிட்டு போய் ஹேட்டரஸ் ஊர் மியூசியத்துல வச்சிட்டாங்க, இந்த கரைல கெடச்சதுலயே பழசு அதுதான்னு சொல்றாங்க.

போட்டோ எடுக்குறப்போ பக்கத்துல ஒரு செருப்ப கழட்டி வைங்க, அளவு தெரியும். ஏறி நிக்காதீங்க, சின்ன சிம்பு கூட எடுத்துட்டு வராதீங்க, அது அரசாங்கத்தோட நேஷனல் பார்க் நிலம், எடுத்தா குத்தம். எடுத்தும் புண்ணியம் இல்ல, உப்புத்தண்ணில ஊறுன மரம் வீட்டு ஏசில காஞ்சு வெடிச்சு தூளா கொட்டும் (ஸ்வீடன்ல கடலடில இருந்து தூக்குன வாசாங்கற பழைய மரக்கப்பல் அப்படி ஆயிடக்கூடாதுன்னு 17 வருஷம் கெமிக்கல் தெளிச்சாங்க!). புதுசா ஏதாவது கட்டை வெளிய வந்திருந்தா லொகேஷன் பின்னோட பார்க் ஆபீஸ்ல சொல்லிடுங்க.

ஹேட்டரஸ் மியூசியத்துக்கும் சேத்து போறதா இருந்தா கெளம்புறதுக்கு முன்னாடி அங்க போற 12ஆம் நம்பர் ரோடு தொறந்திருக்கான்னு பாத்துக்கங்க. கப்பல வெளிய கொண்டு வர்ற அதே புயல்தான் அந்த ரோட்டையும் மணல்ல மூடும்.