இறந்த குழந்தையோட ஸ்கேனை எப்படிப் படிக்கணும், எங்க ஏமாறுவோம்

உயிரோட இருக்குற குழந்தைக்குப் பாக்குற அதே கண்ணோட, சாவுக்குக் காரணம் தேடி இறந்த குழந்தைக்கு எடுக்குற ஸ்கேனையும் பாத்தா கண்டிப்பா தப்பாத்தான் ரிப்போர்ட் எழுதுவீங்க. அதனால படத்தைத் திறக்கறதுக்கு முன்னாடி மார்ச்சுவரில கேட்டுக்கோங்க, எப்ப இறந்துச்சு, எப்ப ஃப்ரிட்ஜ்ல வச்சாங்க, சிபிஆர் (நெஞ்சை அமுக்கி உயிரைக் காப்பாத்தப் பாக்குறது) குடுத்தாங்களான்னு.

எலும்புக்கு சிடி, மெல்லிசு ஸ்லைஸா எடுங்க. மூளை, இதயம், வயித்து உறுப்புக்கெல்லாம் எம்ஆர்ஐதான், ஏன்னா குழந்தைங்களுக்கு உறுப்புக்கு நடுவுல கொழுப்பு கம்மி, சிடில எல்லாம் ஒண்ணா ஒட்டிக்கிட்டுத் தெரியும். உடம்பு சில்லுனு இருக்கும்ல, அதனால எம்ஆர்ஐல கொழுப்பை மறைச்சுக் காட்டுற ஸ்டிர் சீக்வென்ஸை வழக்கமான செட்டிங்ல போட்டா கொழுப்பு ஒழுங்கா மறையாது, அதுல இன்வெர்ஷன் டைம்ங்கிற நேர அளவை மாத்தணும். ஃப்ரீசர்ல வச்சு உறைஞ்சுபோன உடம்புன்னா எம்ஆர்ஐ வேஸ்ட்தான்.

இனிமேதான் முக்கியமான விஷயம். ரெண்டு நுரையீரலும் பின்பக்கம் வெள்ளையா இருக்கும், உடனே நிமோனியான்னு எழுதிடாதீங்க, மல்லாக்க படுக்க வச்சதால ரத்தமும் தண்ணியும் கீழ இறங்கிருக்கு, அவ்ளோதான். கல்லீரல்ல காத்து இருக்கும், அது உடம்பு அழுக ஆரம்பிச்சதாலயும் வரும், சிபிஆர்னாலயும் வரும். தலைக்குள்ள பின்பக்க சைனஸ்ல (மூளையிலிருந்து ரத்தம் வடியுற பெரிய நாளம், மூக்குச் சைனஸ் இல்ல) ரத்தம் தங்கி சிடில பளிச்சுன்னு தெரியறதைப் பாத்து ரத்தக்கட்டுன்னு சொல்றவங்க நிறைய பேரு.

விலா எலும்புல முன்பக்க உடைவு சிபிஆர்னாலயும் வரலாம், ஆனா கைக்குழந்தைக்கு முதுகெலும்பை ஒட்டி உடைஞ்சிருந்தா, இல்ல ஆறிக்கிட்டிருக்குற பழைய உடைவு இருந்தா, தள்ளிப்போடாம ஃபாரன்சிக் டாக்டர்கிட்ட பேசுங்க.

500 கிராமுக்குக் கீழ உள்ள சிசுன்னா 1.5 டெஸ்லா (காந்த சக்தியோட அளவு) எம்ஆர்ஐ மெஷின்ல பெருசா ஒண்ணும் தெரியாது. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் ஆஸ்பத்திரில அயோடின்ல ஊறவச்சு மைக்ரோ சிடி (ரொம்பச் சின்ன உடம்பையும் நுணுக்கமா காட்டுற சிடி) எடுக்குறாங்க, தோல் நிறம் மாறும், அதைப் பெத்தவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிடணும்.

2013ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்த 400 கேஸ் ஆய்வுல, கத்தி வைக்காத முறையும் முழு போஸ்ட்மார்ட்டமும் சுமார் 89 சதவீதம் ஒத்துப்போச்சு. இதை வச்சு ஸ்கேனே போதும்னு பேசறவங்களைப் பாத்தா எனக்குக் கடுப்பாகும், அதுல ரத்தப் பரிசோதனை, நஞ்சுக்கொடிப் பரிசோதனையெல்லாம் சேந்துதான் இருந்துச்சு. கிருமித்தொற்று, மெட்டபாலிக் நோய் (உடம்போட வேதிமாற்றக் கோளாறு), இதயத்துடிப்புக் கோளாறு இதெல்லாம் படத்துல பிடிபடாமலே போயிடும். அதனால ஸ்கேன் நார்மல்னா “காரணம் இல்ல”ன்னு எழுதாதீங்க, “ஸ்கேன்ல தெரியல”ன்னு எழுதுங்க, ரத்தமும் திசு சாம்பிளும் எடுக்கச் சொல்லி அதுக்குக் கீழயே ஒரு வரி போடுங்க.