சமூகத் தோட்டத்தில் உணரிக் கணுக்களை எங்கே பொருத்துவது?

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளுக்கு இடையிலுள்ள சமூகத் தோட்டத்தில் வெப்பத்தையும் காற்றின் ஈரப்பதத்தையும் அளக்க விரும்புவோர், கையிலுள்ள கம்பியில்லா உணரிக் கணுக்களை (அளந்ததை வானலை வழியே அனுப்பும் சிறு கருவிகளை) எல்லாம் சம இடைவெளியில் நட்டுவிடுவதுண்டு. இடங்களை முதலில் தேர்ந்துகொண்டு, எண்ணிக்கையைப் பிறகு முடிவு செய்வதே நல்லது.

முதலில் தோட்டத்தை அளவுப்படி வரைந்து, வெயில் படும் பாத்திகளையும் புளோக்கின் நிழல் விழும் பாத்திகளையும் தனித்தனியே குறியுங்கள். ஒரு கணு சுற்றிலும் 5 மீட்டர் வரையுள்ள நிலையைச் சொல்லும் என்று கொண்டால், கணுக்களைச் சதுரமாக அடுக்கும்போது இடைவெளி சுமார் 7 மீட்டராகவும், சமபக்க முக்கோணமாக அடுக்கும்போது சுமார் 8.6 மீட்டராகவும் அமையும். விளிம்புகளைக் கணக்கில் கொள்ளாவிட்டால், முக்கோண அடுக்கில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவான கணுக்கள் மிச்சமாகும். வெயிலும் நிழலும் சந்திக்கும் இடத்தில் மட்டும் நெருக்கமாக வையுங்கள்.

அடுத்தது தொடர்பு. தொடர்பு எட்டும் தூரம், உணரும் தூரத்தைப் போல் இரு மடங்காவது இருந்தால், இடைவெளியின்றி அளக்கப்படும் பரப்பில் கணுக்களும் தாமாகவே இணைந்திருக்கும். ஆனால் இது தடையற்ற வெளிக்கு மட்டுமே பொருந்தும் கணக்கு. 30 மீட்டர் தொலைவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு நடுவழியில் ஏறத்தாழ 1 மீட்டர் ஆரமுள்ள தடையற்ற வெளி வேண்டும் என்பதால், கணுவைத் தரையில் வைத்தால் சமிக்ஞை வெகுவாகத் தேயும். 1 மீட்டருக்கு மேல் கம்பத்தில் கட்டுங்கள். நீர் நிறைந்த வாழை இலைகளும் கம்பி பாய்ச்சிய கான்கிரீட் தூண்களும் அலையை விழுங்கும். சிங்கப்பூரில் லோரா (குறைந்த மின்சக்தியில் நெடுந்தூரம் எட்டும் கம்பியில்லாத் தொழில்நுட்பம்) கருவிகள் இயங்கும் 920 முதல் 925 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை, இலைகளை ஓரளவு எளிதாகக் கடக்கும். ஆனால் அதே தொலைவில் அதற்குத் தேவையான தடையற்ற வெளியின் ஆரம் 1.5 மீட்டரைத் தாண்டும்.

எனவே ஆணி அடிப்பதற்கு முன், ஒரு கணுவைக் குறித்த இடத்தில் பிடித்து 100 தரவுப் பொட்டலங்களை அனுப்பி, எத்தனை சேர்ந்தன என்று எண்ணி, வந்த சமிக்ஞையின் வலிமையையும் குறித்துக்கொள்ளுங்கள். கருவியின் தரவுத்தாளில் பெறும் எல்லை (அது பெறக்கூடிய மிகப் பலவீனமான சமிக்ஞை) மைனஸ் 95 டிபிஎம் (சமிக்ஞை வலிமையின் அலகு) என்றிருந்தால், சமிக்ஞை மைனஸ் 85க்குக் கீழே இறங்கும் இடத்தை நான் ஏற்பதில்லை. இந்தச் சோதனையை மழை ஓய்ந்து இலைகள் சொட்டிக்கொண்டிருக்கும் வேளையில் மீண்டும் செய்வது மிக அவசியம்.

கடைசியாக மின்கலம். கணுவிலிருந்து கணுவாகத் தரவு கைமாறும் அமைப்பில், தொலைவிலுள்ளவற்றின் தரவையும் சுமந்து அனுப்புவதால், கேட்வேக்கு (எல்லாத் தரவையும் திரட்டி வெளியே அனுப்பும் கருவிக்கு) அருகிலுள்ள கணுக்களே முதலில் தீர்ந்துபோகும். அங்கே கூடுதலாக ஒரு கணுவைப் பொருத்துங்கள், அல்லது கேட்வேயைத் தோட்டத்தின் நடுப்பகுதிக்கு நகர்த்துங்கள்.