நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பும்போது செய்யக் கூடாதவை

இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்ததும் பலர் புதுச் சட்டையும் புது ஷூவும் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். வாங்கட்டும். ஆனால் இன்டர்வியூ அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போடுவது என்று வைத்துக்கொள்ளக் கூடாது. புது ஷூ குதிகாலைக் கடிக்கும். கேள்வி கேட்கும்போது மனம் காலில் இருக்கும். பெட்டியிலிருந்து எடுத்த சட்டையை இஸ்திரி போடாவிட்டால் மடிப்புக் கோடுகள் அப்படியே தெரியும். புதுக் கோட்டின் பின்பக்கப் பிளவில் பெருக்கல் குறி போல ஒரு தையல் இருக்கும், கை நுனியில் கம்பெனிப் பெயர் போட்ட பட்டை இருக்கும். இரண்டையும் பிரித்துவிட்டுத்தான் போட வேண்டும். இதை யாரும் சொல்லித் தராததால் அப்படியே வந்து உட்காரும் பிள்ளைகள் உண்டு.

தோற்றத்தை வைத்து ஆளை எடை போடுவது நியாயமில்லை, ஆனால் நடக்கிறது. 1920-ல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக், ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழ் இருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பீடுகளை எடுத்துப் பார்த்தார். உடற்கட்டில் நல்ல பெயர் வாங்கியவர்களுக்கே புத்தியிலும் தலைமைப் பண்பிலும் நல்ல பெயர் கிடைத்திருந்தது. தேர்வுக் குழுவில் இருப்பவர்களும் மனிதர்கள்தான்.

அதற்காக முகத்தை வெளுக்கக் கிளம்புவது மிகப் பெரிய தவறு. முந்தைய நாள் ப்ளீச் செய்துகொண்டு, மறுநாள் சிவந்து தடித்த முகத்தோடு போய் நிற்பது தேவையா? கறுப்பு ஒரு குறையே அல்ல. நிறத்தைப் பார்த்து ஆள் எடுக்கும் இடம் இருந்தால், தவறு அந்த இடத்தின் மேல்தான்.

கோட் இல்லையே என்று கடன் வாங்கவும் வேண்டாம். தோள் இறங்கித் தொங்கும் இரவல் கோட்டைவிட, துவைத்துத் தேய்த்த உங்கள் பருத்திச் சட்டை எவ்வளவோ மேல். சிவில் சர்வீஸில் ஆளுமைத் தேர்வு என்று சொல்லப்படும் இன்டர்வியூவுக்கு 275 மதிப்பெண். அதில் கோட்டுக்கென்று ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. புடவை கட்டிப் பழக்கமில்லாத பெண்கள் அன்றைக்குப் பார்த்துக் கட்டிக்கொண்டு முந்தானையை இழுத்துவிட்டபடி இருக்க வேண்டியதில்லை. நன்றாகத் தைத்த சுடிதார் பெரும்பாலான அலுவலகங்களுக்குப் போதும்.

சென்னை வெயிலை மறந்துவிடாதீர்கள். பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் நசுங்கி வந்தால் இஸ்திரியெல்லாம் போய்விடும், பாலியெஸ்டர் என்றால் அக்குளில் ஈரம் படரும். அரை மணி நேரம் முன்னதாகப் போய், முகம் கழுவித் துடைத்து, தலை சீவிக்கொள்ளுங்கள். வியர்வை வாடைக்குப் பயந்து சென்ட்டைக் கொட்டிக்கொள்ளாதீர்கள். மூடிய ஏசி அறையில் எதிரே இருப்பவருக்குத் தலைவலி வந்துவிடும்.

வேலை எங்கே என்பதையும் பாருங்கள். ஒரகடத்துத் தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவுக்குப் போகிறவர் செருப்போடு போகக் கூடாது. இயந்திரம் ஓடும் தளத்தைச் சுற்றிக் காட்ட அழைத்தால் வாசலிலேயே நிற்க வேண்டி வரும்.

வீடியோ இன்டர்வியூ என்றால், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் இருண்டுவிடும். வெளிச்சத்தைப் பார்த்து உட்காருங்கள். நெருக்கமான கோடு போட்ட சட்டை கேமராவில் அலையலையாக நெளியும். கீழே லுங்கியோடும் உட்கார வேண்டாம். சான்றிதழை எடுத்துக் காட்டச் சொன்னால் எழுந்திருக்க வேண்டி வருமே.