நாட்டுக்கோழியா, கம்பெனிக் கோழியா? காசு கொடுக்கும் முன் கண்டுபிடிப்பது எப்படி

மூன்று வருடம் முன்னால் டெம்போவில் தெருவோடு வந்தவரிடம் "சுத்த நாட்டுக்குஞ்சு" என்று 20 குஞ்சு வாங்கினேன். எல்லாமே செவலை, பார்க்க அவ்வளவு அழகு. வளர்ந்து முட்டையிட ஆரம்பித்தவை கிட்டத்தட்ட தினமும் இட்டன, ஆனால் ஒரு வருடம் போயும் ஒன்றுகூட அடைக்கு உட்காரவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, இதுல சேவலே இல்லையே, இது கம்பெனிக் கோழில்ல?" என்றார். அதன் பிறகுதான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். நான் இப்போது பார்க்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில், எதிலிருந்து எதைப் பிரிக்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர் நாட்டுக்கோழியில் பொதுவாகச் சொல்வது சிறுவிடை, பெருவிடை என்று இரண்டு. சிறுவிடைப் பெட்டை ஒன்று, ஒன்றரை கிலோவைத் தாண்டுவது அபூர்வம். பெருவிடை அசீல் என்ற சண்டைக்கோழி இனத்தின் வழி வந்தது. கட்டுச்சேவல் எல்லாம் இதுதான். இவற்றோடு அதே பெயரில் விற்கப்படுபவை கிராமப்பிரியா, வனராஜா (இரண்டும் ஐதராபாத் கோழி ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை), ரோட் ஐலண்ட் ரெட் சேவலையும் எகிப்தின் ஃபயூமி பெட்டையையும் சேர்த்து வங்கதேசத்தில் உருவாக்கிய சோனாலி, அப்புறம் செவலை நிற முட்டைக்கோழிகள். இவை மோசமான கோழிகள் இல்லை. முட்டைதான் வேண்டும் என்றால் கிராமப்பிரியாவைத் தெரிந்தே வாங்குங்கள். அதை நாட்டுக்கோழி விலைக்கு விற்பதுதான் பிரச்சினை.

படி 1: தள்ளி நின்று மொத்தக் கூட்டத்தையும் பாருங்கள்

கோழியைக் கையில் எடுக்காதீர்கள், இன்னும் அவசரம் இல்லை. அச்சில் வார்த்த மாதிரி ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே வயது என்று 30 பெட்டை நின்றால் அவை இங்குபேட்டரில் ஒன்றாகப் பொரித்தவை என்று வைத்துக்கொள்ளலாம். நாட்டுக்கோழிக் கூட்டத்தில் ஒன்று கருப்பு, ஒன்று புள்ளி, ஒன்று சாம்பல், இன்னொன்றுக்குக் கழுத்தே மொட்டை.

அடுத்து அதே நிறத்தில் சேவல் இருக்கிறதா என்று பாருங்கள். நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான். செவலை முட்டைக்கோழியை உருவாக்கும்போது செவலைச் சேவலோடு, வெள்ளி நிற மரபுள்ள பெட்டையைச் சேர்ப்பார்கள். நிற மரபு, ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிற குரோமோசோமில் இருப்பதால், பிறக்கிற பெட்டைக்குஞ்சு செவலையாகவும் சேவல்குஞ்சு வெளிர் மஞ்சளாகவும் வரும். பொரித்த அன்றே பார்த்த பார்வையில் பிரித்துவிடலாம். ஆக செவலைப் பெட்டை நிறைய, செவலைச் சேவல் ஒன்றுகூட இல்லை என்றால் கிளம்பிவிடுங்கள். (திருவிழாவில் பச்சை, ரோஸ் சாயம் பூசி விற்கிற குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் ஒதுக்கிய சேவல்குஞ்சுகள்தான்.)

படி 2: கையில் எடுத்து மூக்கைப் பாருங்கள்

மேல் மூக்கின் நுனி மழுங்கியோ, கீழ் மூக்கைவிடக் குட்டையாகவோ இருந்தால் அது பண்ணையில் மூக்கு வெட்டிய கோழி. ஒன்றையொன்று கொத்தாமல் இருக்கக் குஞ்சிலேயே வெட்டுவார்கள். வீட்டில் வளர்ப்பவர் யாரும் இதைச் செய்வதில்லை. நகம் தேயாமல் நீண்டு வளைந்திருந்தால் மண்ணைச் சீய்க்காமல் கூண்டிலேயே இருந்திருக்கிறது.

பெருவிடை என்று சொன்னால் கொண்டையைப் பாருங்கள். மண்டையோடு ஒட்டிய, மூன்று வரிசையாய்ச் சின்னச் சின்ன முண்டு உள்ள கொண்டை இருக்க வேண்டும். தாடி இருக்காது, இருந்தாலும் பேருக்குத்தான். நிமிர்ந்த நடை, நீண்ட கழுத்து, தடித்த கால். ரம்பம் போல் உயர்ந்த கொண்டை ஒரு பக்கம் சாய்ந்து தொங்கினால் அதில் லெகார்ன் என்ற முட்டைக்கோழி இனத்தின் ரத்தம் இருக்கலாம்.

மஞ்சள் கால் கோழியில் இன்னொரு சூட்சுமம் உண்டு. முட்டை இட இட உடம்பின் மஞ்சள் நிறமி கருவுக்குப் போய்விடுவதால், முதலில் முட்டை வரும் வாயின் ஓரம், பிறகு கண் ஓரம், மூக்கு, கடைசியில் கால் என்று வெளுத்துக்கொண்டே வரும். கால்வரை வெளுத்த பெட்டை பல மாதம் நிறுத்தாமல் இட்டிருக்கிறது, அதாவது முட்டைக்காகவே உருவாக்கிய கோழி என்று சந்தேகப்படலாம்.

படி 3: முட்டையை நம்பி ஏமாறாதீர்கள்

பிரவுன் முட்டை என்றால் நாட்டு முட்டை என்பது தப்பு. அடர் பிரவுன் நிறத்தில் 55, 60 கிராம் முட்டை பெரும்பாலும் கலப்புக் கோழியுடையது. நம் சிறுவிடையின் முட்டை சின்னது, வெளிர் கிரீம் நிறம். கரு நல்ல ஆரஞ்சாக இருப்பதற்குத் தீனிதான் காரணம், கீரையும் மக்காச்சோளமும் போட்டால் எந்தக் கோழிக்கும் வரும். சாயம் பூசியிருக்கிறதா என்று எலுமிச்சை தேய்த்துப் பார்க்கச் சொல்வார்கள், அதுவும் சரிவராது: அசல் பிரவுன் நிறமே ஓட்டின் மேல்பரப்பில்தான் படிந்திருக்கும், புளிப்பு பட்டால் அதுவும் கரையும்.

கடக்நாத் வாங்குவதென்றால்

இது மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பக்கத்து இனம், அங்கத்து இறைச்சிக்கு 2018ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கருப்பு இறகு மட்டும் போதாது. வாயைத் திறந்து நாக்கையும் அண்ணத்தையும் பாருங்கள்; கருமை தட்டியிருக்க வேண்டும். முட்டை மட்டும் கருப்பு இல்லை, வெளிர் பழுப்புதான். "கருப்பு முட்டை" என்று எவராவது காட்டினால் அங்கே பேச ஒன்றும் இல்லை.

படி 4: தாய்க்கோழியைக் காட்டச் சொல்லுங்கள்

இதுவரை சொன்னதை எல்லாம் சோனாலி சுலபமாகத் தாண்டிவிடும். உடம்பு சின்னது, நிறமும் கலந்து வரும், எனக்கே இரண்டு தடவை தடுமாற்றம். அதனால் சந்தையைவிட (திண்டுக்கல் பக்கம் அய்யலூர் வியாழன் சந்தைக்குப் போனாலும் இதே கதைதான்) வளர்க்கிற வீட்டுக்கே போய் "குஞ்சோட தாயைக் காட்டுங்க" என்று கேளுங்கள். நாட்டுப் பெட்டை 10, 15 முட்டை இட்டதும் அடைக்கு உட்காரும், 21 நாளில் பொரிக்கும், குஞ்சோடு திரியும். முட்டைக்கோழியில் அடை குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். அடைக்கு உட்கார்ந்தால் முட்டை நின்றுவிடுமே. குஞ்சு இருக்கிறது, தாய் இல்லை, "இங்குபேட்டர்ல வெச்சோம்" என்றால் பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் முட்டை போட்ட கோழியையாவது பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.

நான் கடைசியில் அந்தப் பாட்டியிடமே ஒரு புள்ளிப் பெட்டையை வாங்கினேன். இப்போது பஞ்சாரத்துக்குள் 11 முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது. என் செவலைக் கோழிகள் இட்ட முட்டையும் அதில் நாலு இருக்கிறது, என்ன நிறத்தில் வருகிறதோ பார்க்கலாம்.