நோட்டு திருத்துவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வகுப்புக்கு 40 பேர் வீதம் ஐந்து பிரிவு என்றால் 200 நோட்டு. ஒன்றுக்கு 2 நிமிடம் போட்டாலும் 400 நிமிடம். ஃப்ரீ பீரியடில் பாதி, வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்ப்பதிலும் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையத் தரவுத்தளம்) பதிவிலும் போய்விடுவதால் நோட்டுக்கட்டு வீட்டுக்கு வருகிறது. இத்தனை பாடுபட்டுத் திருத்திய நோட்டில் மாணவர் பார்ப்பது பெரும்பாலும் மதிப்பெண்ணை மட்டும்தான்.

காரணம், கண்ணில் பட்ட பிழையையெல்லாம் சுழித்து, சரியான வடிவத்தையும் நாமே எழுதிக் கொடுப்பது. பக்கம் முழுக்கச் சிவப்பு மை இருந்தால் எதை முதலில் கவனிப்பது என்று பிள்ளைக்குத் தெரியாது. அவர் செய்ய வேண்டிய வேலையும் மிச்சமிருக்காது. எழுதச் சொல்லும்போதே இந்த வாரம் ல, ள, ழ மட்டும் பார்ப்பேன், அடுத்த வாரம் ஒற்று மிகும் இடம் என்று அறிவித்துவிடுங்கள். பிழை உள்ள வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி. இரண்டு பிழை என்றால் இரண்டு புள்ளி. எது பிழை என்று அவரே தேடட்டும். நோட்டைக் கொடுக்கும் நாளில் முதல் 8 நிமிடம் இதற்கே. பெல் அடிக்கும்போது நோட்டைக் கொடுத்தனுப்பினால் அந்தப் புள்ளிகளை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

எல்லா நோட்டையும் வாரந்தோறும் முழுதாகப் படிப்பதும் தேவையில்லை. பிரிவுக்கு 8 நோட்டை எடுத்து, ஒன்றுக்கு 4 நிமிடம் ஒதுக்குங்கள்: மொத்தம் 160 நிமிடம். அவற்றில் அதிகம் தென்படும் மூன்று பிழைகளைக் கரும்பலகையில் எழுதினால் மீதி 32 பேரும் தங்கள் நோட்டைத் தாங்களே சரிபார்க்கலாம். ஐந்து வாரத்தில் எல்லாருடைய முறையும் வந்துவிடும். ஆனால் பெஞ்சு வரிசையில் எடுக்காதீர்கள். தன் முறை எப்போது என்று தெரிந்தால் மற்ற வாரங்களில் பார்த்தெழுதல்தான் நடக்கும். நோட்டு கைக்கு வந்த பிறகே எட்டைத் தேர்ந்தெடுங்கள்.

குறிப்பும் மதிப்பெண்ணும் சேர்த்துப் போடுவது இன்னொரு வீண்வேலை. கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988இல் இஸ்ரேலிய மாணவர்களிடம் நடத்திய ஆய்வில் குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்தப் பலன் காணவில்லை. குறிப்பும் 'நன்று', 'முயற்சி தேவை' என்று இருந்தால் பயனில்லை. 'இரண்டாம் பத்திக்கு ஓர் எடுத்துக்காட்டு சேர்' என்பது போல, உடனே செய்யக்கூடிய ஒரு வேலையாக இருக்கட்டும். மதிப்பெண் ஸ்லிப் டெஸ்டோடு நிற்கட்டும். ஒரு சொல் விடைகளை மட்டும் மாணவர்களை மாற்றித் திருத்தச் சொல்லலாம். கட்டுரையைக் கொடுத்தால் சண்டைதான்.

பிழையான சொல்லைப் பத்து முறை எழுதவைக்கும் இம்போசிஷன் வேண்டாம். தவறாகப் பார்த்தெழுதினால் அந்தத் தவறு பத்து முறை பதியும். எழுதுவதே தண்டனை என்றும் ஆகிவிடும். அதற்கு எதிர்ப்பக்கமாகப் பேனா, சாக்லேட் என்று பரிசை முன்கூட்டியே அறிவிப்பதிலும் சிக்கல் உண்டு. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் வரைவதில் ஆசையுள்ள சிறு குழந்தைகளுக்குப் பரிசு உண்டு என்று சொல்லி வரையவைத்தார்கள். சில வாரங்களில் அக்குழந்தைகள் தாமாக வரைவது குறைந்தது. முன்பே சொல்லாமல் கொடுத்த பரிசால் அப்படி நேரவில்லை.

பள்ளியைப் பார்வையிட வரும் அதிகாரிகள் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துக் கேட்பார்களே என்ற பயம் நியாயமானது. ஜூன் மாதமே தலைமையாசிரியரிடம் இந்த முறையைச் சொல்லி, முழுதாகப் படித்த பக்கத்துக்குத் தேதியுடன் கையெழுத்து, மாணவரே சரிபார்த்த பக்கத்துக்கு வெறும் சுருக்கொப்பம் என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள்.