மாத்திரைப் பட்டியலோடு கண் மருத்துவரிடம் போவது எப்படி?

கண் பரிசோதனைக்குப் போகிறவர்கள் பழைய கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போகிறார்கள். மாத்திரைச் சீட்டைத்தான் வீட்டில் வைத்துவிடுகிறார்கள். மூட்டுவலி மாத்திரைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்ற நினைப்புதான் காரணம்.

படி 1: பட்டியல் எழுதுங்கள்

மருந்தின் பெயர், மில்லிகிராம் அளவு, தொடங்கிய ஆண்டு மூன்றையும் எழுதுங்கள். ஆண்டு ஏன்? முடக்குவாதத்துக்கும், உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோய்க்கும் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின், நாள்பட விழித்திரையைப் பாதிக்கக்கூடும். தொடங்கியதும் ஒரு பரிசோதனை. 5 ஆண்டுகள் கடந்தபின் ஆண்டுதோறும் பரிசோதனை. நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மி.கி.யைத் தாண்டக்கூடாது என்பதால் உங்கள் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டு என்றால் மாத்திரை மட்டும் அல்ல. சொட்டு மருந்து, இன்ஹேலர், முகத்தில் பூசும் களிம்பு எல்லாவற்றையும் சேருங்கள். கண்புரையும் வரலாம், கண் அழுத்தமும் ஏறலாம். அழுத்தம் பெரும்பாலும் வலியே இல்லாமல் ஏறும் என்பதுதான் சிக்கல்.

நிறுத்திவிட்ட மருந்தையும் விடாதீர்கள். ப்ராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசினை எப்போதோ சாப்பிட்டிருந்தாலும், புரை அறுவையின்போது கண்மணியைச் சுற்றியுள்ள ஐரிஸ் துவண்டு தொல்லை தரலாம். முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர் அதற்கேற்பத் தயாராவார்.

படி 2: ஒவ்வொரு கண்ணாகப் பாருங்கள்

ஒரு கண்ணின் குறையை மறு கண் மூடி மறைத்துவிடும். ஆகவே 10 செ.மீ. சதுரம் வரைந்து, 5 மி.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுங்கள். நடுவில் ஒரு புள்ளி. படிக்கும் கண்ணாடி இருந்தால் அணிந்து, 30 செ.மீ. தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு புள்ளியையே பாருங்கள். கோடு நெளிந்தாலோ, ஒரு பகுதி அழிந்ததுபோல் தெரிந்தாலோ அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

காசநோய்க்கு எத்தாம்பியூட்டால் சாப்பிடுகிறவர்கள் நிறத்தையும் கவனிக்கவேண்டும். சிவப்பு நிறப் பாட்டில் மூடி வழக்கத்தைவிட வெளிறித் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தவேண்டாம்.

படி 3: சர்க்கரை நிலைத்தபின் கண்ணாடி

சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸும் வீங்கி வடிகிறது, பவர் மாறுகிறது. அந்த நேரத்தில் வாங்கும் கண்ணாடி சில வாரங்களில் பொருந்தாமல் போகும். விழித்திரைப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடக்கூடாது. இரண்டாம் வகை நீரிழிவு என்றால், நோய் தெரிந்தவுடனேயே அது தேவை.

அதற்குக் கண்மணியை விரிக்கும் சொட்டு விடுவார்கள். சில மணி நேரம் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். வண்டி ஓட்டத் துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.